நாற்பதாவது ஜன்னல்

எரியாத பல்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வெளிச்சக்காரருக்குச் சோறு இறங்காது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தன் கல்யாணத்தன்றே மண்டப வாசலில் சீரியல் செட் ஒன்று பாதியில் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, புதுத்துணி கசங்க ஸ்டூல் மேல் ஏறி நின்ற மனிதர் அவர். உள்ளே பெண் வீட்டார், மாப்பிள்ளை கம்பி நீட்டிவிட்டான் என்று நாலு பக்கமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "அன்னிக்கு நெஜமாவே ஓடியிருந்தா நானாவது தப்பிச்சிருப்பேன்" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்கப் போனவர், வராந்தாவில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த ட்யூப்லைட்டைச் சரிசெய்துவிட்டு, வந்த வேலை முடிந்த திருப்தியில் நேராக வீடு திரும்பினார். மாமனாருக்கு அதில் கோபமில்லை. அடுத்த தடவை முடிந்தால் தன்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

தொழில் அலங்கார விளக்கு. கல்யாணம், கடைத் திறப்பு, கண்காட்சி, எதுவானாலும் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய குடோனுக்குத்தான் ஆள் வரும். வாசல் பலகையில் 'வெளிச்சம்' என்று எழுதி அதைச் சுற்றி மூன்று வரிசை பல்பு போட்டிருந்தார். அதனால் ஊரே அவரை வெளிச்சக்காரர் என்று கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். வீட்டில் கேட்கவே வேண்டாம். குளியலறையில் இரண்டு, படியில் மூன்று, படுக்கையறையில் பெரியது ஒன்று, அதற்குத் துணையாகச் சின்னது ஒன்று. எதையும் அணைக்கவிட மாட்டார். மனைவி பல வருஷமாகக் கண்ணில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இந்த வியாதியைப் பக்கத்திலிருந்து சகித்துக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மனைவி. இன்னொருவன் ஏணி.

ஏணி அவருடைய பழைய கூட்டாளி. முக்கால்வாசி வேலைக்கு ஏணியே தேவைப்படாத உயரம். அதனால் அந்தப் பெயர். அவன் மேலே நின்று வயரைக் கட்டுவான், இவர் கீழே நின்று கத்துவார். தொழில் அப்படித்தான் நடந்தது. பிறகு அவன் மனைவி செத்துப்போனாள். வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தம்பி வீட்டுக்குப் போனான். அங்கே டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தம்பி பெண்டாட்டியோடு வாய்த்தகராறு. இரண்டு நாள் வெளியில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவனுக்கு அந்த இரண்டு நாள் இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது கடைத்தெருவில் மூடிக்கிடக்கிற வங்கியின் படிக்கட்டுதான் அவன் ஜாகை. ஒரு அட்டை, ஒரு பை, உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம். அபிப்பிராயத்தை மட்டும் யார் கேட்டாலும் தாராளமாகக் கொடுப்பான், கேட்காவிட்டாலும் கொடுப்பான்.

வெளிச்சக்காரர் அவனைத் தன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் தாங்கவில்லை. "உன் வீட்டுல கண்ண மூடினாலும் உள்ள பகலாவே இருக்குடா. தெருவே தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கே திரும்பிவிட்டான். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் தினமும் சாப்பாட்டு டப்பா போக ஆரம்பித்தது. மனைவி கொடுத்து அனுப்பினாள் என்று இவர் சொல்வார். அவனும் நம்புவதுபோல வாங்கிக்கொள்வான். அந்த வருஷக் குளிரில் ஏணிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வெளிச்சக்காரர் டப்பாவை நீட்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் நெஞ்சிலிருந்து கிளம்பும். அவர் பயந்துபோயிருந்தார். இவன் இந்தக் குளிரைத் தாண்ட மாட்டான் என்ற பயம்.

இந்த நேரத்தில்தான் கடைத்தெருச் சங்கம் ஆண்டுக் கடைசிக் கொண்டாட்டத்துக்கு ஆயத்தமானது. ஒவ்வொரு வருஷமும் நடுச்சதுக்கத்தில் பிரம்மாண்டமாக ஏதாவது ஒன்றை நிறுத்தி, அதன் முன்னால் சங்கத் தலைவர் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஒரு வருஷம் ராட்சதச் செருப்பு. ஒரு வருஷம் அன்னம். ஊரில் அத்தனை பேரும் அதை வாத்து என்றே சொன்னார்கள். போன வருஷம் மாடி உயரத்துக்கு ஒரு பரிசுப்பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்ட குழந்தைகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இந்த வருஷம் விடுதி அக்கா குறுக்கே வந்தாள். வீடில்லாதவர்களுக்கு இரவுத் தங்கும் இடம் நடத்துகிறவள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் கேட்டதை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டாள். சங்கத்துக்குச் சொந்தமான பழைய சரக்குக் கூடத்தை ஏற்கெனவே அப்படித்தான் உட்கார்ந்தே வாங்கியிருந்தாள். கட்டில்களும் எங்கெங்கோ கேட்டு வாங்கியாகிவிட்டது. குளிருக்குக் கம்பளிதான் இல்லை. அதனால் அவள் சொன்ன யோசனை இது: சதுக்கத்தில் ப்ளைவுட்டில் ஒரு பெரிய வீடு, அதில் நாற்பது ஜன்னல், கூடத்தில் நாற்பது கட்டில். யாராவது ஒரு நல்ல கம்பளி கொண்டுவந்து கொடுத்தால் ஒரு ஜன்னல் எரியும், ஒரு ஆளுக்கு இடம் கிடைக்கும். பெயர் கொடுத்த வரிசைப்படிதான் இடம். கொண்டாட்டத்தின் கடைசி மாலையோடு கணக்கு முடிந்துவிடும். எரியாத ஜன்னலுக்கு உரியவர்கள் அடுத்த வருஷம் வரை தெருவில்தான்.

தலைவருக்கு, வீட்டின் முன்னால் நின்றால் படம் நன்றாக வரும் என்று தோன்றியது. சரி என்றார்.

வெளிச்சக்காரர் அன்றே படிக்கட்டுக்கு ஓடினார். ஏணியைப் பெயர் கொடுக்க வைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "நான் என்ன வீடு இல்லாதவனா? வெளியில இருக்கேன், அவ்வளவுதான்" என்று அவன் சட்டம் பேசினான். பேசி முடிக்கவிடாமல் இருமல் வந்தது. கடைசியில் அரைமனதாகத் தலையாட்டியபோது முப்பத்தொன்பது பேர் அவனுக்கு முன்னால் பதிந்துவிட்டிருந்தார்கள். நாற்பதாவது ஜன்னல், கூரைக்கு அடியில் உச்சியில் இருக்கிற குட்டி ஜன்னல், அவனுக்கு என்று ஆனது. உயரத்துக்கு ஏற்ற இடம்தான் என்று அதற்கும் ஒரு அபிப்பிராயம் சொன்னான். வெளிச்சக்காரர் அன்றே தடிமனாக ஒரு கம்பளி வாங்கித் தன் சாமான் பையின் அடியில் வைத்துக்கொண்டார். முன்கூட்டிக் கொடுத்தால் வரிசையில் முதல் ஆளுக்குப் போய்விடும். முப்பத்தொன்பதும் எரிந்த பிறகு அதை வெளியே எடுப்பது என்று தீர்மானம்.

வழக்கம்போல வேலை அவருக்குத்தான் வந்தது. ப்ளைவுட் வீட்டை மனசார இழைத்தார். கதவு, கூரை, புகைபோக்கி, ஜன்னலுக்குச் சட்டம், சட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் பல்பு. நாற்பது சுவிட்சும் அக்காவின் மேசையில் ஒரே பலகையில். அதோடு நிற்காமல் சரக்குக் கூடத்துக்கும் போய், காலணா வாங்காமல், ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு விளக்குத் தொங்கவிட்டார். இருட்டில் யாரும் படுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

திறப்பு விழா மாலை தலைவர் சங்கத்தின் சார்பில் ஒரு கம்பளியைக் கொடுத்து முதல் சுவிட்சைத் தட்டினார். ஒரு ஜன்னல் எரிந்தது. கைதட்டினார்கள். கைதட்டி முடித்ததும் எல்லோர் கண்ணும் மற்ற முப்பத்தொன்பதின் மேல் போயிற்று. வெளிச்சக்காரர் கண்ணும்தான். காரியத்தின் சூட்சுமமே அந்த இருட்டில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை. அக்கா பொறுமையாக விளக்கியிருந்தாள், அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் தலை ஒப்புக்கொண்டதைக் கண் ஒப்புக்கொள்ள வேண்டாமா? போகிற வருகிறவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. என்ன அண்ணே, எல்லாம் ஃபியூஸா என்று ஒருவன். இந்தத் தடவை வேலையைப் பாதியில் விட்டுட்டாரு போல என்று இன்னொருத்தி. பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்கிறவர், இருபது வருஷப் போட்டிக்காரர், வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அனுதாபத்தோடு உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். அந்த உச்சுக்கொட்டல்தான் அவரைக் கவிழ்த்தது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஏழெட்டு ஜன்னல் எரிந்தன. மிச்சம் அப்படியே நின்றது. அவருக்குச் சாப்பாடு போகவில்லை. நாலாம் நாள் காலையில் ஆள் வருவதற்குள் ப்ளைவுட்டுக்குப் பின்னால் நுழைந்தார். வெளியே வந்தபோது அத்தனை ஜன்னலுக்கும், சுவிட்சைக் கேட்காமலே எரியும்படி, டைரக்டாகக் கரண்ட் கொடுத்துவிட்டிருந்தார். பலகையில் ஏதோ கோளாறு, விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொன்னார். அவளுக்கு வயரைப் பற்றி ஒன்றும் தெரியாது, இவரை நம்பினாள்.

அன்று மாலை வீடு ஜெகஜோதியாக நின்றது. கூட்டம் அலைமோதியது. குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் தோளில் தட்டினார். போட்டிக்காரர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வெளிச்சக்காரர் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து டப்பாவோடு போனபோது ஏணி படிக்கட்டில் சாய்ந்து எதிரே இருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு ஜோரா இருக்குடா" என்றான்.

"பின்ன?"

"எல்லா ரூம்லயும் ஆளு. நெறஞ்சு வழியுது. கம்பளிய கக்கத்துல வெச்சுக்கிட்டு வர்றவங்க அண்ணாந்து பாக்கறாங்க. அடடா, நெறஞ்சிடுச்சேன்னு சந்தோஷமாத் திரும்பிப் போயிடறாங்க. சரி, என் ரூமுக்கும் லைட்டு போட்டாச்சே, போய்ப் படுக்கலாம்னு நானும் போய்ப் பார்த்தேன். பின்னால வெறும் வயருதான் தொங்குது."

அதற்கு மேல் அவனைப் பேசவிடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. நீளமான ஆள் இரண்டாக மடிந்து படியைப் பிடித்துக்கொண்டு இருமினான். வெளிச்சக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இவன் பிழைக்கட்டும் என்று பெயர் எழுத வைத்ததும் நான்தான், இவன் முன்னால் இருக்கிற ஆட்களை எல்லாம் நகரவிடாமல் நிறுத்தி வைத்ததும் நான்தான் என்பது அந்த இடத்திலேயே அவருக்கு உறைத்தது. ஒரு உச்சுக்கொட்டலுக்காக.

அக்காவிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் மேசையில் இரண்டு நாளாக ஒரு கம்பளிகூட வந்து சேரவில்லை. ஜனங்களுக்கு மனசு வற்றிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அணைங்க" என்றாள்.

பட்டப்பகலில் இல்லை, கூட்டம் நிறைந்த மாலையில், எல்லோரும் பார்க்க அணைத்தார். ஒவ்வொரு வயராகப் பிடுங்கும்போதும் சொந்தப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது போலத்தான் இருந்தது. கம்பளி வந்து சேராத முப்பதுக்கு மேற்பட்ட ஜன்னல்கள் செத்தன. கூட்டம் ஊளையிட்டது. குழந்தை ஒன்று அழுதது. அவர் முன்னால் வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, எரியாத விளக்கை விரலால் சுட்டிக் காட்டினார். இது இருட்டு, இதுவும் இருட்டு, இதில் ஆளில்லை, அந்த ஆள் எங்கே படுத்திருக்கிறான் என்று காட்டவா என்று கூவினார். காய்கறிக்காரன்கூட அப்படிக் கூவமாட்டான். மூன்று பேரை அவரே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வங்கிப் படிக்கட்டைக் காட்டினார். ஏணி அவர்களுக்கு ராஜா மாதிரி கையசைத்தான்.

முதலில் வந்தவள் மனைவி. வீட்டில் இருந்த கம்பளி அத்தனையையும் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். இனி வீட்டில் போர்த்திக்கொள்ள இருப்பது தன் கண்துண்டு ஒன்றுதான் என்றும், அதைக் கேட்டால் கொலை விழும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் நல்லவர்களிலும் எத்தனை தினுசு! ஒருத்தர் ஜன்னல் திரையைக் கொண்டுவந்து கம்பளி என்று சாதித்தார். ஒரு அம்மா, தன் ஜன்னல் முன்பக்கம் பார்த்தபடி இருந்தால்தான் தருவேன் என்றாள். ஒருவர் ஜன்னலுக்குக் கீழே தன் பெயரைப் பெரிதாக எழுத முடியுமா என்று விசாரித்தார். எழுதலாம், அந்தக் கட்டிலில் நீங்களே படுப்பதாக இருந்தால் என்றார் வெளிச்சக்காரர். அவர் முறைத்தார், ஆனால் கம்பளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

கடைசி மாலை முப்பத்தொன்பதும் எரிந்தன. உச்சியில் ஏணியின் குட்டி ஜன்னல் மட்டும் பாக்கி. வெளிச்சக்காரர் பையின் வாரைத் திறந்து உள்ளே கையைவிட்ட நேரத்தில் தலைவர் படக்காரரோடு வந்து சேர்ந்தார். இடம் பார்த்து நின்றார், தலையைக் கோதிக்கொண்டார், பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஒண்ணு இருட்டா இருக்கே. படத்துல பல்லு விழுந்த மாதிரி தெரியும். அதையும் போட்டு விடுங்க."

"கம்பளி வந்தா எரியும்" என்றாள் அக்கா.

"அது அப்புறம் பார்த்துக்கலாம்மா. ஒரு நிமிஷம் எரிஞ்சா போதும், படம் எடுத்துட்டு அணைச்சிடலாம்" என்றார் தலைவர். பிறகு வெளிச்சக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்களுக்குத்தான் டைரக்ட் குடுக்கத் தெரியுமே."

பைக்குள் இருந்த கை அங்கேயே நின்றது. கம்பளியை வெளியே எடுத்தால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். அவர் கண்ணுக்கும் அந்த இருட்டு ஜன்னல் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது, கை பரபரத்தது. ஆனால் ஒரு நிமிஷம் எரிந்தால் போதும் என்ற வார்த்தை அதைவிட ஆழமாகக் குத்திவிட்டது. ஒரு நிமிஷம் படுத்துக்கொள் என்று ஏணியிடம் போய்ச் சொல்ல முடியுமா? பையின் வாரை இழுத்து மூடினார்.

"முடியாதுங்க. இருட்டாவே இருக்கட்டும்."

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு கோபித்துக்கொண்டார். அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மிரட்டினார். போட்டிக்காரரின் விலாசம் வேண்டுமானால் தருகிறேன் என்றார் வெளிச்சக்காரர். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ, தலைவர் வீட்டில் கம்பளியா இல்லை என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்தபின் தலைவருக்கு வேறு வழியில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கம்பளி சலவைக்குப் போயிருக்கிறதாம். அவருடையதுதான் இருக்கிறதாம். அதைக் கொடுத்து அனுப்பட்டுமா என்று அவர் மனைவி கேட்டது போனை மீறி எல்லோர் காதிலும் விழுந்தது. டிரைவர் அதைக் கொண்டுவந்தார். பட்டுக்கரை போட்ட, கருஞ்சிவப்பு நிற, சென்ட் வாசனை அடிக்கிற கம்பளி. மேசைக்கு வந்ததும் அக்கா சுவிட்சைத் தட்டினாள். உச்சி ஜன்னல் எரிந்தது. படம் பிரமாதமாக வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

பைக்குள் இருந்த கம்பளியைக் கூட்டம் கலைந்தபின் அக்காவிடம் கொடுத்தார். வீட்டில் ஜன்னல் தீர்ந்துவிட்டதே என்றார். அவள் அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொண்டு, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். கூடத்தில் கட்டில்களைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டு, படிக்கட்டில் ஏணிக்குப் பக்கத்தில் படுக்கிறவனுக்கும் ஒரு இடம் செய்தாள்.

இரண்டு நாள் கழித்து வெளிச்சக்காரர் கூடத்துக்குப் போனார். விளக்கு வைக்கிற நேரம். நுழைந்ததுமே மனசு குளிர்ந்தது: கட்டிலுக்கு ஒன்றாக அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன, ஒன்றுகூடச் சாகவில்லை. கோடியில் தலைவரின் கம்பளிக்குள் காலை மடக்கிக்கொண்டு ஏணி படுத்திருந்தான். இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. முகத்தில் ஒரு சட்டையைப் போட்டு மூடியிருந்தான்.

"நல்லா இருக்கா?" என்றார்.

சட்டையை விலக்கினான். "கம்பளி நல்லா இருக்கு. கல்யாண வீட்டுல படுத்த மாதிரி மணக்குது. இந்த லைட்டத் தொங்கவிட்ட புண்ணியவான் யாரு?"

"ஏன்?"

"அக்கா ரூம்லதான் சுவிட்சு. அவங்க அணைக்கற வரைக்கும் முழிச்சுக் கெடக்கறோம். படிக்கட்டுல இருந்தப்ப எதிர்க்கடை போர்டு ராத்திரி பூரா மூஞ்சியில அடிக்கும். அத அணைக்கச் சொல்ல நான் யாரு? பேசாம துணியப் போட்டு மூடிப்பேன்." சட்டையை மடித்துத் தலைக்கடியில் வைத்துக்கொண்டான். "வீடுன்னா என்னடா? தூக்கம் வந்தா நம்ம லைட்ட நாமளே அணைக்கறதுதான். ரெண்டு வருஷமா நான் ஒரு லைட்டும் அணைக்கல."

வெளிச்சக்காரர் பையைத் திறந்து வயரும் டேப்பும் எடுத்தார். கட்டில் சட்டத்தில் கைக்கு எட்டும் இடம் பார்த்து ஒரு சின்ன சுவிட்சைப் பொருத்தினார். அவர் வேலை செய்து முடிக்கும்வரை ஏணி, வயரை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

ஏணி நீளமான விரலால் அதைத் தட்டினான். அவன் கட்டில் மட்டும் இருட்டானது. திரும்பத் தட்டி எரியவைத்தான், திரும்ப அணைத்தான். பிறகு கருஞ்சிவப்புக் கம்பளியைத் தாடைவரை இழுத்துக்கொண்டு, போய்ட்டு வா என்று மட்டும் சொன்னான். எரியாத அந்த விளக்கின் கீழ் வெளிச்சக்காரர் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். கை பரபரக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கி, தனக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

மறுநாள் மின்சாமான் கடையில் கூடத்துக்கு வேண்டிய சுவிட்சுகளை எண்ணி எடுத்துக் கொடுத்தார்கள். அவர் இன்னும் ஒன்று கேட்டார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, இது எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் ஒருத்தி பல வருஷமாகக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்றார் வெளிச்சக்காரர்.